டிக்கெட் எடுத்து எல்லை தாண்டினோம்

எங்கள் பக்கத்தில் ஒருவர் பையோடு ரயில் ஏறினால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, வேண்டுதல், வேலை. இதில் எதுவும் இல்லையென்றால் வீட்டில் சண்டை. கடம்பத்தூர் பக்கம் எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் அரக்கோணம் லைனில் போகும் வண்டிகள் தெரியும். அந்த லைனை ஒட்டிய வயல்களில்தான் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு நட்டார்கள், களை எடுத்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து எங்களைப் பார்த்தபடி போகிறவர்கள் எல்லாம் ஏதோ அவசர வேலையாகப் போகிறார்கள் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அவர்களில் சிலர் ஊர் பார்க்கத்தான் போனார்கள் என்பது டிப்ளமோ படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டியவன் நான் ஒருவன்தான். இந்தச் செய்தியை அம்மாவிடம் சொன்னபோது, "ஊரப் பாத்து இன்னாடா பண்ணுவாங்க?" என்று கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

பதில் சொல்லிக்கொடுத்தது என் மனைவி.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. அவளுக்கு அடுத்த தெருக் கம்பெனியில் பேக்கிங். ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்கிப் பழகி, கல்யாணம் வரை வந்துவிட்டோம். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வா, ட்ரெயின்ல போயிட்டு வரலாம்" என்றாள்.

"எங்க?"

"ட்ரெயின் எங்க போவுதோ அங்க."

ஸ்டேஷனில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி பார்த்துவிட்டாள். "இன்னாமா, ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லக்கா, சும்மா."

அக்கா எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். நாங்கள் கடைசி ஸ்டேஷன் வரை போய் இறங்கி, ஆளுக்கொரு டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டு, அடுத்த வண்டியில் திரும்பினோம். அவ்வளவுதான். மறுநாள் அக்கா கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். என் மனைவியைச் சமையல்கட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய், "உள்ளத சொல்லு. உன் ஊட்டுக்காரரு கை நீட்டுறாரா?" என்று கேட்டிருக்கிறாள். என் மனைவி சிரித்த சிரிப்பில் குழம்புக் கிண்ணம் கைதவறிவிட்டது.

அன்றிலிருந்து வார லீவு கிடைத்தபோதெல்லாம் போக ஆரம்பித்தோம். வடக்கே சூளூர்பேட்டை, தெற்கே செங்கல்பட்டு. நீண்ட லீவு வந்தால் இன்னும் தூரம். ரயிலில் அவள் தூங்கவே மாட்டாள். வெளியே ஒரு மாடு நின்றாலும் என்னை எழுப்பிக் காட்டுவாள்.

"மாடுதானே?"

"இந்த மாட்ட நீ இதுக்கு முன்னாடி பாத்திருக்கியா?"

பார்த்ததில்லைதான்.

இங்கே என் மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழவேற்காட்டை அடுத்த ஒரு குப்பம் அவருக்கு. மீன்பிடிதான் தொழில். எங்கள் காதல் தெரிந்தபோது சொந்தக்காரர்கள் ஜாதி, முறை என்று என்னென்னவோ பேசினார்கள். அவர் எல்லோரையும் கையமர்த்திவிட்டு என்னைக் கேட்டார்.

"தம்பி, உங்க ஊரு பக்கம் கடல் கீதா?"

"இல்லைங்க. ஏரிதான். அதுவும் வெயில் காலத்துல காஞ்சிடும்."

"நல்லது" என்றார். "எம் பொண்ண கடல்ல ஏத்தாதீங்க. அது ஒண்ணுதான் நான் கேக்கறது. கடலாண்ட போறவனுக்குக் குடுக்கக் கூடாதுன்னுதான் உங்களுக்குக் குடுக்கறேன்."

"சரி மாமா" என்றேன். எனக்கு அது ஒரு நிபந்தனையாகவே தோன்றவில்லை. நீச்சல் தெரியாது. கம்பெனி பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்தாலே தலை சுற்றுகிறவன் நான்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் மனைவி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் கூலி அதிகம் கிடைக்கும் என்று நாகப்பட்டினம் பக்கம் ஒருவருடைய படகில் வேலைக்குப் போனார். இன்ஜின் நின்று, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய், எல்லை தாண்டிவிட்டதாக இலங்கைக் கடற்படை பிடித்தது. தீபாவளியும் பொங்கலும் அவருக்கு அங்கே ஜெயிலிலேயே போனது. விட்டபோது எல்லோரையும் விமானத்தில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்களாம். படகு வரவில்லை. அதற்குப் பிறகு அவர் ஏரியில் மட்டுமே தொழில் செய்தார். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தைத் தாண்டவில்லை.

இதை என் மனைவி வேறு மாதிரி சொல்லுவாள். "எங்க குப்பத்துலயே மொத மொத ஃபாரின் போனவரு எங்க நைனாதான். போவ சொல்ல போட்டு, வர சொல்ல ஏரோப்ளேனு. ஒத்த பைசா செலவு இல்ல." மாமா இருக்கும்போதே சொல்லுவாள். அவர், "இந்த வாய்க்கே உன்ன கண்காணாத எடத்துல குடுத்தேன்" என்பார்.

ஒரு முறை அவரையே கேட்டோம், ஏரியில் எங்களைக் கொஞ்சம் சுற்றிக் காட்டச் சொல்லி. அவர்கள் குப்பத்தில் வலை போடும் படகில் பெண்கள் ஏறுவதில்லை. அதனால் தண்ணீரோரமே வளர்ந்தும் அவள் அப்பாவின் படகில் ஏறியதே கிடையாது. "ஏரி வேற, கடல் வேற" என்று அவரே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு கூட்டிப்போனார். பூநாரைகள் தூரத்தில் நின்றிருந்தன. நான் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சும்மா படகு ஓட்டுவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. "ஒரு தபா" என்று சொல்லி வலையை எடுத்தார். அப்புறம் இன்னொரு தபா. கரைக்கு வரும்போது எங்கள் காலடியில் இறால் துள்ளிக்கொண்டிருந்தது. "ஊர் சுத்திப் பாக்க வந்தவங்கள வேலைக்கு இட்டுனு போயிட்டியே நைனா" என்றாள் இவள். அவர் நிஜமாகவே வெட்கப்பட்டார்.

பிறகு பிச்சாவரம் போனோம். ஆலப்புழையில் ஊர்ச்சனங்கள் ஏறி இறங்கும் சர்க்கார் படகில் நாள் முழுக்கப் போய்வந்தோம். என் வாக்குக்கு எங்கும் பழுதில்லை. ஆறு, காயல், ஏரி. ஆலப்புழையில் படகு ஒரு பள்ளிக்கூடப் படித்துறையில் நின்றபோது அவள் சொன்னாள்:

"எல்லாத்துலயும் கரை தெரியுது."

"தெரிஞ்சா நல்லதுதானே?"

"கரை தெரியாத தண்ணிய ஒரே ஒரு வாட்டி பாக்கணும். எங்க நைனா பாத்தத."

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கைக்குப் பயணிகள் கப்பல் போகிறது என்று அவள்தான் போனில் பார்த்துச் சொன்னாள். காலையில் ஏறினால் மதியம் காங்கேசன்துறை. அங்கேயே ரயில். டிக்கெட் விலையைப் பார்த்தால் நம்மாலும் முடியும் என்று தோன்றியது. எனக்கு ஆசையும் பயமும் ஒன்றாக வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய தடை நான் சொன்ன "சரி மாமா". அவரிடம் சொல்லாமல் போகலாம் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. மற்றவர்கள் வாயை அடைத்து எங்களைச் சேர்த்துவைத்தவர் அவர். அவர் மனம் கசந்து ஒரு பயணம் போனால், அப்புறம் எந்தப் பயணமும் எங்களுக்கு இனிக்காது.

போய்க் கேட்டோம். மாமா இன்ஜின் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. இன்னா, ரெண்டு பேரும் வேல நாள்ல வந்துகிறீங்க?"

நான் எழுதி மனப்பாடம் செய்ததுபோலச் சொல்லி முடித்தேன். பெரிய கப்பல், பாஸ்போர்ட், அரசாங்க அனுமதி, எல்லாம் சட்டப்படி. அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"எந்தப் பக்கம்?"

"இலங்கை, மாமா."

"போட்டுல?"

"கப்பல்ல."

"தண்ணி மேலதான போவுது?"

"ஆமா மாமா."

"ஊட்டுக்கு ஒரு ஆளு எல்லை தாண்டனது போதும்" என்றார். பிளக்கைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அத்தை மட்டும், "சாப்ட்டுப் போங்க" என்றாள். சாப்பிட்டோம்.

கிளம்பும்போது மாமா படகாண்ட நின்றிருந்தார். என் மனைவி நேராக அவரிடம் போனாள். நான் பின்னால் நின்றேன்.

"நைனா, நீ அங்க மாட்டினு இருந்தப்ப நான் எங்க இருந்தேன் தெரியுமா?"

"ஊட்டுல."

"பஸ் ஸ்டாண்டுல. ஸ்கூல் உட்டா நேரா அங்கதான். பொன்னேரி பஸ்ஸு வந்து நின்னா எறங்கறவங்கள எல்லாம் ஒருத்தரு உடாம பாப்பேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

அவர் படகின் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"காத்துனு இருந்தே வளந்துட்டேன். ஒரு தபா நான் போறேன். நீ காத்துனு இரு. நான் வந்துடுவேன்."

சண்டைபோடும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் கண் கலங்கியது. மாமா கடலைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இருட்டறதுக்குள்ள பஸ்ஸ புடிங்க" என்றார். சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம். விசாரிக்க வந்த போலீஸ்காரர், "துபாயா, சிங்கப்பூரா?" என்றார். சுற்றிப் பார்க்க என்றேன். "கம்பெனி அனுப்புதா?" இல்லை, நாங்களே. அவர் பேனாவை நிறுத்தி எங்கள் ஒற்றை அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, "போயிட்டு வாங்க தம்பி. நாங்கதான் எங்கயும் போறதில்ல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். பாஸ்போர்ட் வந்தும் டிக்கெட் எடுக்கவில்லை. அவள் அவசரப்படுத்தவும் இல்லை.

ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்தால் மாமா எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். கையில் கருவாட்டுப் பொட்டலம். எங்கள் வீட்டுக்கு அவர் வருவதே அபூர்வம். தண்ணீர் குடித்தார், ஃபேனைப் பார்த்தார், விலைவாசி பேசினார். பிறகு சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு அட்டையை எடுத்து மகளிடம் நீட்டினார். அவருடைய மீனவர் அடையாள அட்டை.

"இது எதுக்கு நைனா?"

"நடுவுல நேவிக்காரன் நிறுத்துனா காமி. நாங்க தொழிலுக்கு வரல, சுத்திப் பாக்கத்தான் வந்தோம்னு சொல்லு. வல கில எதுவும் இல்லன்னு சொல்லு."

"கப்பல யாரும் நிறுத்த மாட்டாங்க நைனா."

"எங்களையும் அப்டித்தான் சொல்லி இட்டுனு போனாங்க. வெச்சிக்க. அப்புறம் மாப்ள, செல்லுல சிக்னல் போச்சுன்னா எல்லை வந்துச்சுன்னு அர்த்தம். உஷாரா இருங்க. டிரைவராண்ட ஒரு வார்த்த சொல்லி வைங்க."

நான் சிரிக்கவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, சிரிக்கத் தோன்றவில்லை. அந்த எல்லையை அவருக்கு அப்படித்தான் தெரியும். தன்னிடம் இருந்த ஒரே கவசத்தைக் கழற்றி மகள் கையில் கொடுத்திருக்கிறார். "சொல்றேன் மாமா" என்றேன்.

நாகப்பட்டினம் வரை ரயில். துறைமுகத்தில் எங்களைப்போலவே புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பையைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. கப்பல் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அது போய்விட்டது. எனக்கு எல்லாம் சுற்றியது. கப்பல் ஊழியர் ஒருவர் வாந்தி எடுக்க ஒரு கவரைக் கொடுத்துவிட்டு, "தூரத்தப் பாருங்க சார், கீழ பாக்காதீங்க" என்றார். என் மனைவி ஒரு கையால் என் முதுகைத் தேய்த்தபடி இன்னொரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கால் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. தண்ணீரையே அறியாத பெண்ணாக அவளை வளர்க்க நினைத்தார்கள். அவள் காலுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மாமாவிடமிருந்து போன் வந்தது. "சிக்னல் கீதா?"

"கீது நைனா."

"கரை தெரியுதா?"

"கொஞ்சமா…" என்று அவள் சொல்லும்போதே அறுந்துவிட்டது. போனைப் பையில் போட்டுவிட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் கரை இல்லை, முன்னாலும் இல்லை. மாட்டைக் காட்டியதுபோல என்னைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. அவளாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். கவரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தபோதும், இவளுக்கு இதைக் காட்டத்தான் நான் சம்பாதிக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது.

காங்கேசன்துறையில் இறங்கிக் குடியேற்ற வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் அவள் அவசரமாகப் பையைத் திறந்தாள். பாஸ்போர்ட்டோடு சேர்த்து மாமாவின் அட்டையையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. நேவிக்குப் பயந்து கொடுத்த அட்டையை இவளே கொண்டுபோய் அதிகாரியிடம் நீட்டிவிட்டாள்.

அதிகாரி தமிழர். அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆற்றை, பிள்ளை?" யாருடையது என்று யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார்.

"எங்க நைனாது… அப்பாது சார்."

"அப்பாவும் வாறாரோ?"

"இல்ல சார். எங்கள யாரும் புடிச்சிடக் கூடாதுன்னு குடுத்து உட்டாரு." பயத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். "அவர முன்னாடி ஒரு தபா புடிச்சிட்டாங்க."

அவர் கொஞ்ச நேரம் அந்த அட்டையில் இருந்த படத்தையே பார்த்தார். எங்கள் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, அட்டையைத் துடைப்பதுபோல ஒரு விரலால் தடவி, மேலே வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்பாட்டைச் சொல்லுங்கோ, நீங்கள் சுகமா வந்து சேந்திட்டியள் எண்டு. பவுத்திரமா வையுங்கோ இதை."

வெளியே வந்து ஒரு மரத்தடியில் நின்று அவள் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "நான் ஒரு லூசு" என்றாள். நான் சோடா வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பேரும் குடித்தோம்.

அதன் பிறகு எல்லாம் ரயில்தான். யாழ்ப்பாணத்தில் தங்கிவிட்டுத் தெற்கே போனோம். பனைமரங்கள், காய்ந்த நிலம், எங்கள் ஊரா வேறு ஊரா என்று தெரியாத வயல்கள். கொழும்புக்கு அப்பால் கடலை ஒட்டியே போகும் ஒரு வண்டியில் ஏறினோம். அலை தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வந்து உடைந்தது. கூடையோடு ஏறிய ஒருவரிடம் வடை வாங்கினால், அதன் மேல் முழு இறாலைப் பதித்துச் சுட்டிருந்தார்கள். "பழவேற்காட்டுக்காரிக்கே எறா விக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டே மூன்று தின்றாள். எதிர் சீட்டில் இருந்த சிங்களக் குடும்பத்தோடு எங்களுக்குப் பேச மொழி இல்லை. அந்த அம்மா ஒரு பழத்தை உரித்து எங்கள் கையில் வைத்தார். முன்பு என் அம்மா கேட்ட கேள்விக்கு, ஊரைப் பார்த்து இன்னா பண்ணுவாங்க என்பதற்கு, அந்தப் பழத்தைப் பதிலாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் பைகளோடு நேராகக் குப்பத்துக்குப் போனோம். மாமா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "உடம்பு எளச்சிட்ட" என்றார். அவள் கொஞ்சம் பூசியிருந்தாள்.

அட்டையைக் கொடுத்து, அதிகாரி சொன்னதைச் சொன்னாள். அவர் மறுபடி சொல்லச் சொன்னார். அந்தப் பேச்சு மாதிரியே சொல்லிக் காட்டினாள். "ம்" என்றார். பிறகு கேட்க ஆரம்பித்தார். தண்ணி எந்த இடத்தில் நிறம் மாறியது? காத்து எந்தப் பக்கம்? கோலா மீன் பறந்ததா? நீரோட்டம் தெரிந்ததா? அவள் பார்த்ததையெல்லாம் சொன்னாள். இத்தனை வருஷம் அவர் தண்ணீரிலிருந்து வருவார், வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள், அவர் ஒரு வார்த்தையில் முடிப்பார். அன்றைக்கு அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். டீ ஆறிப்போனது.

கடைசியில், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "கரை மறைஞ்சப்ப பயந்துட்டியா?" என்றார்.

"பயந்தேன் நைனா. கொஞ்ச நேரந்தான். அப்புறம் நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு."

மாமா தலையாட்டினார். "எனக்கும் அப்டித்தான் இருக்கும்" என்றார்.

அடுப்பாண்ட இருந்த அத்தை கரண்டியோடு வெளியே வந்தாள். "இன்னா சொன்ன? நல்லா இருக்குமா? இத்தினி வருசமா கஸ்டம் கஸ்டம்னு சொல்லினு, அவ்ளோ நல்லா கீற எடத்துக்கா என்ன உட்டுட்டுத் தனியா போயினு வந்த?"

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா மனைவியைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, பாஸ்போர்ட்டு எடுக்க இவளுக்கு இன்னா இன்னா வேணும்?"

"ரெண்டு பேருக்குமா மாமா?"

அவர் ஏரிப் பக்கம் பார்த்தார். அத்தை கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு அவர் சொல்லப்போகும் பதிலுக்காக நின்றாள்.

"ரெண்டு பேருக்குந்தான்" என்றார்.